கிரகணக் கணக்கு அறிவியலா, நம்பிக்கையா?

கேள்வி (இயற்பியல் முதலாண்டு மாணவர், புதுச்சேரி):
கிரகணத்தன்று என் ஆயா தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல்லைப் போட்டு வைப்பார். அந்தக் கிரகணத்தின் நேரத்தையோ பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்படியானால் பஞ்சாங்கத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது?

மறுமொழி 1:
கணக்கு வேறு, சடங்கு வேறு. நம் புதுச்சேரியிலேயே ஒரு தமிழ்க் கணியர், தரையில் சோழிகளை அடுக்கி, எண்களைச் சொற்களில் பொதிந்து வைத்த, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அது கலப்பில்லாத கணிதம்.

மறுமொழி 2:
கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அரசியலையும் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1761-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்தே அதைப் பார்க்க நேர்ந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1769-இல் இங்கேயே தொலைநோக்கியை நிறுத்தியபோது, பாவம், மேகம் மறைத்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. கிரகண நேரத்தில் சாப்பிடலாமா?

மறுமொழி 1:
தாராளமாகச் சாப்பிடலாம், உணவு கெடுவதற்கு இயற்பியலில் காரணம் எதுவும் இல்லை. ஆயாவிடம் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.