ஃபில்லர் ஊசிக்குப் பிறகு கட்டி: மதுரை, திருச்சி பக்கம் மருத்துவர் தெரியுமா?

கன்னத்தில் ஃபில்லர் ஊசி போட்ட இடம் கட்டியாகி நிற்கிறது. ஊசி போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஊர் காரைக்குடி, வயது 57.

வீட்டுக்காரருக்குச் சாந்தி கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். வளவு வீடு நிறையச் சொந்தங்கள் வருவார்களே என்று, மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் பள்ளத்தை நிரப்ப ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். போட்டவர் மருத்துவரா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான்!

முதல் மூன்று நாள் வீக்கம், அப்புறம் வடிந்தது. மூன்றாம் வாரம் இடது பக்கம் மட்டும் பட்டாணி அளவில் கட்டி. அழுத்தினால் வலி. காய்ச்சல் இல்லை; தோல் வெளுக்கவில்லை, கறுக்கவில்லை; பார்வையும் சரியாக இருக்கிறது.

ஐஸ் ஒத்தடம், ஐந்து நாள் ஆன்டிபயாடிக், இரண்டும் ஆயிற்று. நிலையத்தில் கேட்டால் "போடாக்ஸ்தான், தானே போய்விடும்" என்கிறார்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து, அது எப்படிப் பள்ளத்தை நிரப்பும்? மருந்துப் பெட்டியோ பேட்ச் எண் ஸ்டிக்கரோ தர மறுக்கிறார்கள்.

இங்கே பார்த்த தோல் மருத்துவர், உள்ளே போன ஃபில்லர் ஹையலூரானிக் அமிலம் என்றால் ஹையலூரானிடேஸ் என்ற கரைப்பு ஊசியில் கரையும், சிலிகான் என்றால் கரையாது, என்ன மருந்தென்று தெரியாமல் கைவைக்க மாட்டேன் என்கிறார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஓரளவு தெரியுமாம்.

மதுரையிலோ திருச்சியிலோ ஸ்கேன் பார்த்து ஃபில்லரைக் கரைக்கும் தோல் மருத்துவர் யாரிடமாவது நீங்கள் நேரில் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?