புதிய டெப்லெட்டின் திரையில் ஒரு புள்ளி: வைத்துக்கொண்டவர்களும் சண்டை பிடித்தவர்களும்

வெள்ளவத்தை அம்மா

மகளின் உயர்தர வகுப்புகளுக்காக வாங்கிய டெப்பில், நடுவுக்குச் சற்றுக் கீழே, பச்சையாக ஒரு புள்ளி அணையாமல் எரிகிறது. வெள்ளைப் பக்கத்தில் அது கண்ணில் படுவதில்லை. ஆசிரியர் கறுப்புப் பின்னணியில் இரசாயனச் சமன்பாடு எழுதும்போது மட்டும், யாரோ தசமப் புள்ளி வைத்ததுபோல் நிற்கிறது. வாங்கிய பம்பலப்பிட்டிக் கடைக்கே கொண்டுபோனேன். அங்கே நின்ற தம்பி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். தூசு இல்லை என்று சொன்னேன். வாயால் ஊதிவிட்டு மறுபடியும் துடைத்தார். பிறகு பிரகாசத்தை முழுதாகக் கூட்டி, கூரை முழுக்க விளக்கு எரியும் அந்தக் கடைக்குள் திரையை என் பக்கம் திருப்பி, "இப்ப தெரியுதா அக்கா?" என்று கேட்டார். அந்த வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையோடு டெப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மகள் பரவாயில்லை என்கிறாள். எனக்கோ அந்தத் துணியை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இதை ஒரு குறையென்று கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெகிவளை இராக்குருவி

எனக்கு வந்தது புள்ளி அல்ல, ஓர ஒளிக்கசிவு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால், கீழ் மூலையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் உள்ளே பரவும். கடையில் காட்டியபோது, எல்.சி.டி. திரை என்றால் இப்படித்தான், இதற்குக் குறை என்று பெயரே இல்லை என்றார்கள். நான் விடாமல் நின்றதால், முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறொன்றைத் தந்தார்கள். அதில் மூலை சுத்தமாக இருந்தது. ஆனால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் வலப் பாதி வெள்ளையாகவும் இடப் பாதி பழுப்பாகவும் தெரிந்தது. முதலாவதே மேல் என்று நினைத்து அடுத்த நாள் திரும்பிப் போனேன். என்னுடைய அந்த முதலாவது டெப் கண்ணாடி அலுமாரிக்குள், "ஓப்பன் பொக்ஸ்" என்ற சீட்டோடு, விலை குறைத்து வைக்கப்பட்டிருந்தது. முழு விலை கொடுத்த என்னிடம் குறையே இல்லை என்று சாதித்தவர்கள், இன்னொருவருக்கு விற்கும்போது அதற்கு ஒரு விலை போட்டிருந்தார்கள். அந்த விலைக்கே எனக்குத் தாருங்கள் என்றேன், முடியாது என்றார்கள். பாதிப் பழுப்பைத்தான் இன்றும் பாவிக்கிறேன்.

பழைய திரைக்காரன்

கொள்ளுப்பிட்டியில் பல வருடம் திரை மாற்றும் வேலை செய்தவன் நான். ஒரு வாடிக்கையாளர் பச்சைப் புள்ளி ஒன்றைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் போக்கப் பார்த்துவிட்டு, புள்ளியோடு அதைச் சுற்றி ஒரு கறையையும் சேர்த்துக் கொண்டுவந்தார். இணையத்தில் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். எனக்கு மறக்காத சம்பவம் அதுதான்.

தெகிவளைக்காரர் சொல்வது கசிவாக இல்லாமலும் இருக்கலாம். எல்.சி.டி.யில் ஒரு வகையான ஐ.பி.எஸ். திரைகளில், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மூலைகள் வெளிறித் தெரிவது இயல்பு. தலையை நகர்த்தும்போது வெளிச்சமும் நகர்ந்தாலோ குறைந்தாலோ, அது பார்வைக் கோணத்தால் வருவது. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால்தான் கசிவு. இருட்டில் கைத்தொலைபேசியால் எடுத்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டி வாதாட வேண்டாம், ஏனென்றால் கெமரா அந்த வெளிச்சத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளவத்தை அம்மாவுக்கு: எப்போதும் எரியும் நிறப்புள்ளியும் எப்போதும் கறுப்பாக நிற்கும் புள்ளியும் வேறு வேறு. படத்தை உருவாக்கும் ஒவ்வொரு சிறு புள்ளியிலும், அதாவது பிக்சலிலும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள் உண்டு. உங்களுடையதில் பச்சை மட்டும் அணையாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் செயலியை ஓடவிட்டால் சில வேளைகளில் சரியாகும், சரியாகாமலும் போகும். கறுப்பாக நிற்பது பெரும்பாலும் திரும்பி வராது. சிறிய டெப் ஒன்றில் 1280க்கு 800 என்று எடுத்தாலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன. 2360க்கு 1640 என்ற திரையில் ஏறத்தாழ 39 இலட்சம். துணைப் பிக்சல்களைக் கணக்கிட்டால் ஒரு கோடியைத் தாண்டும். தட்டைத் திரைகளுக்கென 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து இலட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் அணைந்தது இரண்டு, துணைப் பிக்சல் பழுது ஐந்து வரை ஏற்றுக்கொண்டது. 2008இல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தபோதும் குறைகளை வகுப்புப் பிரித்து எண்ணும் முறை மாறவில்லை. ஒரு புள்ளிக்கு மாற்றித் தரமாட்டோம் என்று உற்பத்தியாளர்கள் சொல்வது இந்த வகைக் கணக்கை வைத்துத்தான். ஆகவே ஒரு பச்சைப் புள்ளியோடு வாழ்ந்துவிடலாம் என்பது என் கருத்து. இனி வாங்குபவர்கள், பற்றுச்சீட்டு எழுதுவதற்கு முன் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய படங்களைத் திரை நிறையக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பைப் பார்க்கும்போது கையால் மறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மேசைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கடை உத்தரவாதமா, முகவர் உத்தரவாதமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கடை உத்தரவாதத்தில் எல்லாம் கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

ஒப்புநோக்குநர்

திரைக்காரர் ஐயா எண்ணிக்கையைச் சொன்னார், இடத்தைச் சொல்லவில்லை. நான் வீட்டிலிருந்து டெப்பில் தமிழ் அச்சுப்படிகளைத் திருத்துபவன். என்னுடையதில் இருந்தது ஒரேயொரு கறுப்புப் புள்ளி, அவருடைய கணக்கின்படி ஒன்றுமேயில்லை. திரை மலிவானது, பிக்சல்கள் பெரியவை. ஒருநாள் "கடல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கட்ல்" என்று கண்டேன். குறியிடப் போகையில் பக்கம் சற்று மேலே நகர்ந்தது. சொல் சரியாகிவிட்டது, அடுத்த வரியில் ஒரு "ம" மெய்யாகிவிட்டது. அதன் பின் எந்தப் புள்ளியைக் கண்டாலும் பக்கத்தை நகர்த்திப் பார்க்காமல் நம்ப முடியவில்லை. ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு இது தூசு. எழுத்துக்கு மேலே புள்ளி வைத்து எழுதும் நமக்கு இது எழுத்துப்பிழை. கடையில் விளக்கம் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். கடைக்காரர் வாசித்தார், நகர்த்தினார், திரும்ப வாசித்தார், மாற்றித் தந்தார். வெள்ளவத்தை அம்மாவும் வெறும் கறுப்புத் திரையைக் காட்டாமல், அந்தச் சமன்பாட்டையே கொண்டுபோய்க் காட்டட்டும்.

மருதானை மெளனி

தேடிப் பார்க்காதவனுக்குக் குறை இல்லை. 2021இல் வந்த ஐபேட் மினியில், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தை நகர்த்தும்போது எழுத்துகளின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குப் பின்னால் இழுபடுவதாகப் பேச்செழுந்தது. திரை வரிவரியாகப் புதுப்பிக்கப்படுவதால் எல்.சி.டி.யில் அது இயல்பானதே என்று ஆப்பிள் பதில் சொன்னது. அந்தச் செய்தியை வாசித்த பிறகு, என் கையிலிருந்த வேறொரு டெப்பிலும் அது தெரியத் தொடங்கிவிட்டது. கண் ஒன்றைப் பழகிவிட்டால் மறக்க வைக்க வழியில்லை. இங்கே சொல்லப்படும் ஐந்து நிறச் சோதனையை, மாற்றித் தரும் கடையில் மட்டும் செய்யுங்கள்.

புதுக்கடைப் பக்கம்

மெளனியோடு நான் உடன்படவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்குத் தரம் பற்றிய பாதுகாப்பைத் தருகிறது; ஆனால் வாங்குமுன் பொருளைப் பரிசோதித்தவர், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காக அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. பிரகாசமான கடைக்குள் பெட்டியைத் திறந்து, "நல்லாப் பாருங்க" என்று சொல்லிப் பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்குவது யாருக்கு உதவும் என்று யோசியுங்கள். அந்த ஐ.எஸ்.ஓ. எண்ணிக்கையும் திரைகளை வகுப்புப் பிரிப்பதற்கான தரமே தவிர, இலங்கைச் சட்டத்தின் வாசகம் அல்ல. வாங்கும்போது உங்களுக்குச் சொல்லப்படாத அந்தக் கணக்கைப் பிறகு உங்கள் முன் வைத்தால், உத்தரவாத அட்டையில் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

எனக்கு ஒரு கடையில், முறைப்பாடு செய்வதானால் செய்யுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அவர்கள் முன்னாலேயே அழுத்தத் தொடங்கியதும் முகாமையாளர் உள்ளறையிலிருந்து வந்தார். எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, அந்தச் சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தை அம்மா, பற்றுச்சீட்டில் உள்ள திகதியை முதலில் பாருங்கள். டெப்பின் தொடர் இலக்கம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கே போய் எழுதி வாங்குங்கள், புள்ளியைப் பற்றிய பேச்சை அதன் பிறகு தொடங்கலாம்.