கேமராவோடு கல்லூரிக்குப் போனவர்களின் அனுபவங்கள்

பள்ளியில் ஆண்டு விழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் படமெடுக்க உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். கல்லூரிக்குப் போனதும் விடுதியில் பக்கத்து அறைக்காரரிடமே உங்களுடையதைவிட நல்ல கேமரா இருக்கும். பெரிய விழா என்றால் தொழில்முறை ஆட்கள் வெளியிலிருந்து வந்து இறங்குவார்கள். அவர்களோடு மேடைக்கு முன்னால் முண்டியடித்து ஜெயிப்பது கஷ்டம். எனக்குக் கைகொடுத்தது அவர்களால் நுழைய முடியாத இடங்கள்தான்: ஆய்வகம், ஒத்திகை அறை, விடியற்காலைப் பயிற்சி. மாணவராக இருப்பதாலேயே அந்தக் கதவுகள் திறக்கும். அதுவும் படிப்பு முடியும் வரைதான்.

நான் படித்தது வணிகவியல். இயற்பியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா, தன் லேசர் அமைப்பைப் படமெடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். லேசர் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. எதிலாவது பட்டுச் சிதறினால்தான் தெரியும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, விளக்கை அணைத்து, ஷட்டரைப் பத்து நொடி திறந்துவைத்தோம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அக்கா ஒரு வெள்ளை அட்டையைக் கதிரின் பாதையிலேயே மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். அட்டையில் பட்ட பச்சைப் புள்ளி படத்தில் முழுக் கோடாக விழுந்தது. இருட்டில் அவர் கை பதியவே இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கதிர் நேராக லென்ஸுக்குள் போனால், படத்தைப் பதியும் சென்சார் கருகிவிடும். கேமராவை எங்கே வைப்பது என்பதை ஆய்வகத்துக்காரர் சொல்லட்டும்.

அந்தப் படம் துறையின் சுவரொட்டியில் வந்தது. அதைப் பார்த்து வேதியியல்காரர்கள் கூப்பிட்டார்கள், பிறகு நாடகக் குழு. என் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் முதலில் நிற்பது அந்தப் பச்சைக் கோட்டில்தான்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: உரிமை என்னுடையது, துறை பயன்படுத்திக்கொள்ளலாம், பெயர் போட வேண்டும். சின்னப் பையன் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். 1947இல் ராபர்ட் காப்பா, கார்ட்டியே-பிரெஸ்ஸோன் முதலான புகைப்படக்காரர்கள் மேக்னம் என்ற தங்கள் கூட்டுறவைத் தொடங்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது.

* * *

நான் விளையாட்டுப் பக்கம். உள்ளரங்க ஆட்டத்துக்கு கேமராவோடு வரும் கிட் லென்ஸ் திணறும். ஜூம் செய்தால் எஃப் 5.6தான் கிடைக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்). எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. சின்ன சென்சார் கேமராவில் 75 மி.மீ. போல, ஆட்டத்தை இன்னும் கிட்டத்தில் காட்டுவதால் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து எடுக்க அருமை.

அரங்க விளக்கும் படுத்தும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/1000 நொடியில் தொடர்ந்து படமெடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். மெனுவில் இந்த மினுங்கலை (ஃபிளிக்கர்) குறைக்கும் வசதி இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

ஆனால் பயிற்சியாளர் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது இதற்காக இல்லை. மற்றவர்கள் ராத்திரி முழுக்க எடிட் செய்து மறுநாள் கொடுப்பார்கள். நான் இடைவேளையிலேயே நாலைந்து படங்களைப் போனுக்கு மாற்றி, யார், எந்த ஆட்டம், எந்த நிமிடம் என்று கேப்ஷனோடு அனுப்பிவிடுவேன். ஆட்டத்துக்கு முன் வீரர் பட்டியலை ஜெர்சி எண்ணோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பெயர் தப்பாது. பெயர் தப்பானால் எவ்வளவு நல்ல படமும் வீண், அந்தப் பிள்ளைக்கு மனசு வலிக்கும்.

* * *

போட்டிகளுக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா பதிந்தபடியே இருக்கும் மூல ஃபைலை, அதாவது ரா ஃபைலை, அழித்துவிடாதீர்கள். வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற சர்வதேசப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிக் கட்டத்தை நெருங்கும் படங்களுக்கு மூல ஃபைலைக் கேட்டு ஒப்பிடுவார்கள். 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றில் இருந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கை, மாற்றம் செய்ததாகச் சொல்லி விலக்கினார்கள். மாணவர் போட்டியிலும் கேட்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டே எடிட் செய்யுங்கள்.

விதிமுறைகளையும் கடைசி வரி வரை படியுங்கள். நான் முதலாம் ஆண்டில் பார்த்த ஒரு போட்டியில், தோற்ற படங்களைக்கூட நடத்துபவர் காலமெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் அனுப்பவில்லை. என் வகுப்புத் தோழியிடமும் காட்டினேன், அவளும் போட்டியிலிருந்து தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து அதே படத்தை ஒரு பத்திரிகை பணம் கொடுத்து வாங்கியது.