டிசம்பரில் கொன்யா: அம்மா அப்பாவோடு எத்தனை நாள்? மாட்டிறைச்சி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

சிப்புட்_செல்வி
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு பேர்: அம்மா, அப்பா, தம்பி, நான். பள்ளி விடுமுறையில் துருக்கி போகிறோம். இஸ்தான்புல் 4 நாள் முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு சூஃபி ஞானக் கவிஞர் மௌலானா ரூமி அடங்கிய கொன்யாவையும் பார்க்க வேண்டும். ஏஜெண்ட் ‘அரை நாள் நிறுத்தம், போதும்’ என்கிறார். என் கேள்விகள்: அரை நாள் போதுமா? இஸ்தான்புல்லிலிருந்து எப்படிப் போவது? அம்மா மாட்டிறைச்சி தொட மாட்டார், வெள்ளிக்கிழமை சுத்த சைவம். அவருக்கு என்ன கிடைக்கும்? நாங்கள் இந்துக்கள், அடக்கத்தலத்துக்குள் விடுவார்களா? அப்பாவுக்கு முட்டி வலி உண்டு.

தண்டவாளம்
அரை நாள்னா பஸ்ஸை நிறுத்தி, அடக்கத்தலத்தோட பச்சை கும்மட்டத்தைப் படம் பிடிச்சிட்டு ஏறிடுவாங்க. குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க, அதுல ஒண்ணு சனிக்கிழமையா இருக்கட்டும். ஏன்னு மத்தவங்க சொல்வாங்க, நான் பயணத்தை மட்டும் சொல்றேன்.

போறப்ப ரயில், வர்றப்ப விமானம். அதிவேக ரயிலை அங்கே ‘ஒய்ஹெச்டி’ன்னுதான் சொல்வாங்க. அது இஸ்தான்புல்லோட ஆசியப் பக்கத்துல, சோய்ட்லுசெஷ்மே நிலையத்துல கிளம்புது, ஏறக்குறைய 5 மணி நேரம். நீங்க ஐரோப்பியப் பக்கம் தங்கினா சிர்கெஜியில ‘மர்மராய்’ ரயில் ஏறுங்க. கடலடிச் சுரங்கம் வழியா நேரா அங்கேயே இறக்கி விடும். பெட்டியை எக்ஸ்ரேயில போட்டுத்தான் உள்ள விடுவாங்க, அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. டிக்கெட் பாஸ்போர்ட் நம்பர்ல எடுக்கலாம். பலர் தவறுற இடம், ‘நம்ம ஊர் ஈடிஎஸ் ரயில் மாதிரி ரெண்டு நாள் முன்னாடி எடுத்துக்கலாம்’னு நினைக்கிறது. டிசம்பர்ல, அதுவும் வார இறுதியில, இடம் கிடைக்காது. விற்பனை திறந்த அன்னைக்கே எடுத்திடுங்க. ராத்திரி பஸ்ஸும் இருக்கு, அப்பா முட்டிக்கு வேணாம்.

திரும்ப வர்ற விமானம் ஒண்ணே கால் மணி நேரம்தான். ஆனா இஸ்தான்புல்ல ரெண்டு விமான நிலையம். மலிவா இருக்கேன்னு சபிஹா கோக்சென் போற டிக்கெட்டை எடுத்திட்டு, கோலாலம்பூர் விமானத்துக்காக நகரத்தைக் குறுக்கே கடந்து ஓடுற கதை வேணாம். டிக்கெட்ல ‘ஐஎஸ்டி’ (IST, பெரிய விமான நிலையத்தோட குறியீடு)ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேணாம், ஆனா அதுல ஆறு மாசமாவது பாக்கி இருக்கிறது நல்லது. ரிங்கிட்டைக் கொன்யாவுல மாத்த முடியும்னு நம்பாதீங்க, டாலரோ யூரோவோ கொண்டு போங்க.

குளிர்: கொன்யா ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், நம்ம கேமரன் மலை தானா ராத்தாவைவிடத் தாழ்வுதான். அதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. கடல் காத்து எட்டாத உள்நாட்டுச் சமவெளி, டிசம்பர் ராத்திரி சுழியத்துக்குக் கீழ போயிடும். கோட்டுக்குப் புதுசா காசு கொட்ட வேணாம், பண்டல் கடையில (பழைய துணிக்கடை) நல்லதா கிடைக்கும். ஆனா உள்ளாடைத் தெர்மலும் காலணியும் புதுசா வாங்குங்க. வழுக்குற சப்பாத்து போட்டா முட்டி வலி இடுப்பு வலியாயிடும்.

நாகூர்_உப்பு
சகோதரி, உள்ளே தாராளமாக விடுவார்கள். அது இன்று சட்டப்படி அருங்காட்சியகம். 1925ல் துருக்கிக் குடியரசு தர்வேஷ் (சூஃபி அடியார்) மடங்களை மூடியது, 1927ல் இந்த இடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். முக்காடு கட்டாயமில்லை, என்றாலும் அம்மா சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் அழகு. ஊர் மக்களுக்கு இது இன்னும் தர்காதான், கையேந்தி நிற்பவர் முன்னால் குறுக்கே போகாதீர்கள். பக்கத்து செலிமியே பள்ளிவாசலில் மட்டும் காலணி கழற்றி, முக்காடு போட்டு, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள்.

மௌலானா மறைந்தது 1273 டிசம்பர் 17. அந்த நாளை இழவு நாளாக அவர்கள் கொண்டாடுவதில்லை, ‘ஷெபி அரூஸ்’ என்கிறார்கள், மணநாள் இரவு என்று பொருள். நாகூர் கந்தூரியை நினைத்துக்கொள்ளுங்கள்: இறந்த நாள்தான், ஆனால் ஊர் கூடும் நாள். 7 முதல் 17 வரை விழா.

அப்பாவுக்கு உண்மையில் பார்க்க வேண்டியது சமாதியைவிடச் சமையலறை என்பேன். அதே வளாகத்தில் ‘மத்பா’ என்று இருக்கிறது. மௌலானாவைப் பின்பற்றும் மெவ்லவி வழியில் சேர வருபவன் முதல் மூன்று நாள் அதன் வாசலருகே ஒரு தோலில் பேசாமல் உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனம் ஒப்பினால் 1,001 நாள் அடுக்களைத் தொண்டு. சுழலப் பழகுவதும் அங்கேதான்: ஒரு பலகை, நடுவில் ஆணி. இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே ஆணியை வைத்து, பலகையில் உப்பைத் தூவிச் சுற்றுவார்கள், தோல் கிழியாமலிருக்க. மௌலானாவின் சமையல்காரர் ஆதஷ்பாஸ் வெலிக்கும் மெராம் பக்கம் தனி அடக்கத்தலம் உண்டு. அங்கே போகிறவர்கள் ஒரு சிட்டிகை உப்பு வாங்கி வீட்டு அடுப்பங்கரையில் வைப்பார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை மாலை மெவ்லானா பண்பாட்டு மையத்தில் ‘செமா’ என்னும் சுழல் வழிபாட்டைப் பாருங்கள், புரியும். உயர்ந்த தொப்பி நடுகல், வெள்ளை அங்கி கஃபன் துணி (இறந்தவருக்குப் போர்த்துவது), கறுப்பு மேலாடை கல்லறை. மேலாடையைக் களைந்துதான் சுழலத் தொடங்குவார்கள். வலது உள்ளங்கை வானம் பார்க்கும், இடது உள்ளங்கை மண் பார்க்கும். நான்கு ‘செலாம்’ (சுழலும் பகுதி), நடுவில் நிறுத்தங்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து முதல் நிறுத்தத்திலேயே எழுந்து போகிறவர்கள் உண்டு, கைதட்டுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம், இது வழிபாடு. கீழே முன்வரிசையைவிட மேல் வரிசை நல்லது, சுழலும் வட்டங்கள் முழுதாகத் தெரியும்.

மசாலா_அம்மி
சாப்பாட்டுக்கு வர்றேன். ‘ஹலால் நாடு, கவலையில்ல’ன்னு யாராச்சும் சொன்னா அது உங்க கேள்விக்குப் பதில் இல்ல. கொன்யாவோட பேர் போன ‘எத்லிஎக்மெக்’, ஒரு மீட்டர் நீளத்துக்கு வர்ற மெல்லிசு ரொட்டி, மேல கொத்துக்கறி. அந்தக் கறியில பெரும்பாலும் மாடு கலந்திருக்கும். ‘டானா’ன்னா மாட்டுக் கன்று, ‘குஸு’ன்னா ஆட்டுக்குட்டி, ‘தாவுக்’னா கோழி. இந்த மூணு சொல்லையும் துருக்கி எழுத்துல கைப்பேசியில வெச்சுக்கிட்டுக் காட்டுங்க, வாயால சொன்னா உச்சரிப்பு குழம்பும்.

அம்மாவுக்குக் கறி நாள்ல ‘ஃபிரின் கெபாப்’ வாங்கிக் குடுங்க. அது ஆட்டுக்கறிதான். உப்புத் தவிர மசாலாவே கிடையாது, செம்புப் பாத்திரத்துல அடுப்புக்குள்ள மணிக்கணக்கா அதோட கொழுப்புலேயே வெந்து, ரொட்டி மேல பச்சை வெங்காயத்தோட வரும். கையாலதான் சாப்பிடணும், அதுல நமக்கு அனுகூலம். கிராம் கணக்குல கேப்பாங்க. ஒரு ஆளுக்கு 150 போதும், கொழுப்பு ஜாஸ்தி. மதியத்துக்குள்ள போயிடுங்க. விடியுமுன்ன அடுப்புல வெச்சது தீர்ந்தா அன்னைக்கு அவ்ளோதான், சாயங்காலம் போய்க் கேட்டா கிடைக்காது.

‘பாம்யா சோர்பா’ நம்ம பெண்டிக்காய் (வெண்டைக்காய்) தான். சுண்டு விரல் நகம் அளவு பிஞ்சை நூல்ல கோத்துக் காய வெச்சு, எலுமிச்சைப் புளிப்போட சூப். கல்யாண விருந்துல நடுவுல இதைக் குடுத்து, பசியைத் திருப்பிக் கிளப்பிட்டு மறுபடி சோறு போடுவாங்க, நம்ம ரசம் மாதிரி. ஆனா அதுல ஆட்டுக்கறித் துண்டு இருக்கும்.

வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். ‘எத்சிஸ்’ (கறி இல்லாதது) கேட்டா பருப்பு சூப்பும் புல்கூர் சோறும் குடுப்பாங்க, ரெண்டுலயும் எலும்புச்சாறு இருக்கலாம். ‘எத் சுயு வார் மி?’ன்னு தனியாக் கேக்கணும், கறித்தண்ணி இருக்கான்னு அர்த்தம். நம்பிச் சாப்பிடக் கூடியது பாலாடைக்கட்டியோ உருளைக்கிழங்கோ வெச்சு மடிச்ச மெல்லிசு ரொட்டி ‘கோஸ்லெமே’, பாலாடைக்கட்டி ரொட்டி ‘பெய்னிர்லி பிதே’, ‘செய்தின்யாலி’ன்னு ஆலிவ் எண்ணெயில சமைச்சு ஆற வெச்ச காய்கறி. முட்டை சாப்பிட்டா ‘மெனெமென்’, தக்காளியோட கிளறின முட்டை. ‘குஃப்லு’ன்னு கொன்யா பாலாடைக்கட்டி ஒண்ணு உண்டு, வேணும்னே பூசணம் பிடிக்க வெச்சது. கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க.

திரும்பி வர்றப்ப ‘மெவ்லானா ஷெகெரி’ வாங்குங்க, வெள்ளைக் கல்கண்டு மிட்டாய். ஷெகெர்னா சர்க்கரை, நம்ம சொல்லோட ஒண்ணுவிட்ட சொந்தம்.

சிப்புட்_செல்வி
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் 17ஆம் தேதி இரவே போய்விடலாமா? இன்னும் ஒன்று, தம்பி சாட்டல்ஹோயூக் என்ற பழங்கால ஊருக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறான்.

தண்டவாளம்
போங்க, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற ராத்திரி.

நாகூர்_உப்பு
நான் மாறுபடுகிறேன். 17ஆம் தேதிதான் எல்லாரும் கேட்கும் இரவு. நுழைவுச்சீட்டும் அறையும் கிடைப்பது அரிது, முட்டி வலிக்காரர் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. விழா தொடங்கும் 8, 9 தேதிகளில் போனால் அதே செமா, பாதி நெரிசல். நடையும் மிச்சம்: நகர நடுவிலுள்ள அலாயெத்தின் குன்றிலிருந்து அடக்கத்தலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அந்தத் தடத்தில் டிராம் ஓடுகிறது. குன்றடியில் 1251ல் கட்டிய கராத்தாய் மதரசாவில் (பழைய கல்விக்கூடம்) நீல ஓடு பதித்த கும்மட்டத்தின் உட்புறத்தை அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே அண்ணாந்து பார்க்கலாம்.

சாட்டல்ஹோயூக் 40 கிலோமீட்டருக்கு மேல். டாக்சியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், சுற்றிலும் வயல்வெளி, மழை பெய்தால் சேறு. கூரை வழியாக வீட்டுக்குள் இறங்கி, செத்தவரைத் தரைக்கடியிலேயே புதைத்து வாழ்ந்த 9,000 ஆண்டுப் பழைய ஊர். பெரும்பாலும் அகழ்வுக் குழிகள் கண்ணில் படும். தம்பி படத்தில் பார்த்திருக்கும் அந்த உட்கார்ந்த பெண் சிலை அங்கே இல்லை, அங்காரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.