வார்டு உடையை மறுத்த பெண்களும் ஒரு கம்பளிச் சட்டையும்

கோத்தகிரி மகள்:
உதகைப் பக்கம் ஒரு மனநல வார்டில் பெண்கள் மருத்துவமனை உடையை உடுத்த மறுத்து வராந்தாவில் உட்கார்ந்ததைப் பற்றி, "நோயாளிகள் கலகம் செய்தால் வைத்தியம் எப்படி நடக்கும், அடக்கியது சரிதான்" என்று குன்னூர்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. முதலில் மறுத்தவர் என் சித்தி. தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படர்கிற மாதத்தில், அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லி மெல்லிய பருத்தி உடையைக் கொடுத்தார்கள். அவர் மாட்டேன் என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, விரும்பினால் சொந்த உடையையே உடுத்தலாம், சீருடையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சட்டப்படி நடந்தவர்களை எதற்காக அடக்க வேண்டும்?

குன்னூர்வாசி:
சட்டத்தை ஒப்பிப்பது எளிது, அம்மா. அந்தச் சட்டையின் கழுத்தில் நாடா இருந்தது என்று அங்கே பணிபுரியும் என் உறவினர் சொன்னார். தற்கொலை எண்ணத்தோடு சேர்க்கப்பட்டவர்கள் படுத்திருக்கும் இடத்தில் நாடா, கயிறு, பெல்ட் எதையும் அனுமதிக்க மாட்டார்கள். அது அதிகாரத் திமிர் அன்று, உயிர்க்காவல்.

கோத்தகிரி மகள்:
நாடா இல்லை. அந்தச் சட்டையைப் பின்னியவள் நான். முன்பக்கம் ஆறு பொத்தான்கள். கீழிருந்து இரண்டாவது மட்டும் வேறு நிறம், பழைய பள்ளிச் சட்டையிலிருந்து எடுத்துத் தைத்தது. கழுத்துப் பட்டையில் நூல் கோக்கும் துளைகூடக் கிடையாது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அன்றிரவு அவர்கள் மாத்திரையையும் மறுத்தார்கள் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? மனநிலை ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிட்டு வருபவர் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். இரவுப் பணியில் ஒரு செவிலியரும் ஒரு ஆயாவும் மட்டும் இருக்கும்போது, வராந்தாவில் திரண்டவர்களை அவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள்? அந்தப் பணியாளர் இருவரும் என் சித்தப்பா மகள் வயதுப் பெண்கள், விடியும்வரை நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கோத்தகிரி மகள்:
அவர்களுடைய பயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் போதவில்லை என்பதற்காகவே நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது, தண்டனையாகவும் கட்டக் கூடாது, தனிமைச்சிறை அறவே கூடாது என்று 97ஆம் பிரிவு சொல்கிறது. சித்தியைத் தனியறையில் வைத்து வெளியே தாழ்போட்டார்கள். மாத்திரையை மறுத்தது அதற்குப் பிறகுதான். ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அங்கேயும் அவர்களைப் பாதுகாக்கத்தான் கட்டியதாகச் சொன்னார்கள்.

கூடலூர்க்காரன்:
1961இல் இத்தாலியின் கொரிசியா மனநோய் விடுதிக்கு இயக்குநராக வந்த பிராங்கோ பசாலியா, முந்தைய இரவு கட்டிவைக்கப்பட்டவர்களின் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்தார். அங்கே கலகத்தைத் தொடங்கியவர் மருத்துவரே. 1978இல் அந்த நாட்டுச் சட்டமே மாறியது. குன்னூர்வாசி ஐயாவுக்கு இது புரியாது. சாலைக்காக மரம் வெட்டிய விவாதத்திலும் அதிகாரி சொன்னதே வேதம் என்று வாதாடியவர் அல்லவா அவர்!

குன்னூர்வாசி:
மரத்தை இங்கே இழுக்காதீர்கள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம். இத்தாலிக் கதை கேட்டுத்தான் எங்களுக்குக் குளிர் தெரிய வேண்டுமா? நாடா இருந்தது.

கூடலூர்க்காரன்:
குன்னூர்க் குளிரை வைத்து உதகையை அளக்காதீர்கள், அது ஏறத்தாழ 400 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உறவினர் அன்றிரவு பணியில் இருந்தாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

குன்னூர்வாசி:
அதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கோத்தகிரி மகள்:
சொல்ல வேண்டாம். 25ஆம் பிரிவின்படி, தம்முடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டுச் சித்தியே விண்ணப்பித்திருக்கிறார். தனியறையில் எத்தனை மணிநேரம், யார் உத்தரவு, என்ன காரணம் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். நாடா என்று ஒரு வரி அதில் இருந்தால் இங்கேயே எடுத்துப் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஒரு செவிலியர் இருபது கட்டில்களையும் பார்த்துக்கொண்டு பதிவேட்டில் வரிவரியாக எழுதவும் வேண்டும் என்கிறீர்கள். ஒரே ஓர் இரவு அந்த வார்டில் நின்று பாருங்கள்.

கோத்தகிரி மகள்:
தாழ்போட நேரம் இருந்ததே, அம்மா.

குன்னூர்வாசி:
பதிவேட்டில் இல்லாததெல்லாம் நடக்காதது என்று ஆகிவிடுமா? நாடா இருந்தது.