மின்னோட்டவியல் பாடம்: ஸ்மார்ட் போர்டில் காணொளி மட்டும் போதுமா?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி
வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலைப் பாடநூலின் கியூஆர் கோடு காணொளிகளைக் கொண்டே நடத்திவருகிறேன். பிள்ளைகள் சத்தமின்றிப் பார்க்கிறார்கள். ஆனால் தொடரிணைப்பில் உள்ள இரு பல்புகளில் எதன் வழியே அதிக மின்னோட்டம் பாயும் என்று கேட்டால், மின்கலத்துக்கு அடுத்துள்ள பல்பின் வழியே என்றே பலரும் சொல்கிறார்கள். இணையமும் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. வேறு எப்படி நடத்தலாம்?

பதில் 1: முதுகலை இயற்பியல் ஆசிரியர்
வணக்கம் அம்மா. முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் காணொளியால் மாறாது; ஏனெனில் காணொளி மாணவரிடம் எதையும் கேட்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET) திட்டத்தில், நேர்மின்னோட்டச் சுற்றுக்கான சிமுலேஷன் (கணினித் திரையிலேயே சுற்றை இணைத்து அளந்துபார்க்கும் மாதிரி) ஒன்று கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒருமுறை பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே திறக்கும்.

சுவிட்சைப் போடுவதற்கு முன், முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னும் அம்மீட்டர் என்ன காட்டும் என்பதை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும்; அதன் பிறகே ஒரு மாணவியை அழைத்து அளந்துகாட்டச் சொல்லுங்கள். 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் பல்புகள் இரண்டு என்றால் மூன்று இடத்திலும் 0.45 ஆம்பியர்தான். தாம் எழுதிவைத்த விடை கண்ணெதிரே பொய்க்கும்போது வகுப்பில் எழும் சலசலப்பை அடக்காதீர்கள். அடுத்துப் பல்புகளைப் பக்க இணைப்புக்கு மாற்றினால், ஒவ்வொன்றிலும் 0.9 ஆம்பியரும் மின்கலத்தருகே 1.8 ஆம்பியரும் காட்டும். எலக்ட்ரான்கள் அங்கே விரைந்து நகர்வதும் தெரியும்.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
முறை நல்லதே. எனினும் திரையோடு நிறுத்திவிட வேண்டாம். சிமுலேஷனில் கம்பியின் தடை ஏறக்குறைய சுழி. மின்கலத்தின் அகத்தடையும் நாமாக மாற்றாதவரை அப்படியே. உண்மையான டார்ச் பல்பிலோ இழை சூடேறச் சூடேறத் தடை கூடுவதால், மின்னழுத்தத்தை இரட்டித்தாலும் மின்னோட்டம் இரட்டிப்பதில்லை. ஓம் விதியில் ‘மாறா வெப்பநிலையில்’ என்ற நிபந்தனை எதற்கு என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும். செய்முறைத் தேர்வு மேசையில் அவர்களுக்காகக் காத்திருப்பதும் துருவேறிய இணைப்பு முனைகள்தாமே!

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. ஒரே பலகையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வாய்ப்புத் தர முடியவில்லையே?

பதில் 3: கணினிப் பயிற்றுநர்
ஹைடெக் லேபுக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா. ஒரு கணினிக்கு இருவர் உட்காரட்டும். ஒருவர் ஊகித்து எழுத, மற்றவர் இணைக்க வேண்டும். அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளலாம். பல்பையும் மின்கலத்தையும் குறியீடுகளாக மாற்றிக் காட்டும் பொத்தானும் அதில் உண்டு. தாம் அமைத்த சுற்றைப் பார்த்தே மாணவர்கள் மின்சுற்றுப் படம் வரைந்துவிடுவார்கள். முந்தைய நாளே எல்லாக் கணினிகளிலும் கோப்பை ஏற்றிவைத்துவிடுங்கள். இல்லையெனில் பாடவேளை அதிலேயே கரைந்துவிடும்.