ரோஸ் நிறத்துக்குப் போய் அணைந்துவிடும் செனான் ஹெட்லைட்: பல்பை நானே மாற்றலாமா?

புளியரை வயல்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரைதான் என் ஊர். அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் வைத்தியம் நடக்கிறது. மாதம் இரண்டு தடவை விடியற்காலை 3 மணிக்கு வண்டியை எடுக்கிறேன். எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, அப்புறம் குளத்துப்புழை வழியாகப் போவேன்.

வண்டி 2012 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனியிலிருந்து வரும்போதே செனான் ஹெட்லைட், முன்னால் உருண்டை லென்ஸ். ஒரு மாதமாக வலது பக்க வெளிச்சம் லேசாக ரோஸ் நிறம் அடித்தது. போன வாரம் கழுதுருட்டி 13 கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல மழையில், அந்தப் பக்கம் அப்படியே அணைந்துவிட்டது. சுவிட்சை அணைத்துப் போட்டேன், வந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி போய்விட்டது. அம்மா பின் சீட்டில் படுத்திருந்தார். மீதி வளைவுகளை ஒற்றை லைட்டில்தான் ஓட்டினேன்.

ஒரு ஒர்க் ஷாப்பில் ஹெட்லைட்டையே செட்டோடு மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. பழைய வண்டியில் ஆலஜன் பல்பை நானே மாற்றியிருக்கிறேன். இதில் 20,000 வோல்ட் ஓடுகிறது, தொட்டால் ஆபத்து என்கிறார்கள். உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்பொழி ரோடு எலக்ட்ரீசியன்:

தம்பி, 22 வருஷமாகச் செங்கோட்டையில் வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல்பு ஆயுசு முடிகிறது என்றுதான் படுகிறது. செட்டையே மாற்றுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

ஆலஜன் பல்பில் கம்பிச்சுருள் சூடேறி எரியும். இதில் கம்பியே கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் செனான் வாயு, எதிரெதிரே இரண்டு முனை, நடுவில் மின்பொறி. அந்தப் பொறியைக் கொளுத்தும் ஒரு கணத்துக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவை. உங்களிடம் சொன்னது நிஜம்தான். பிடித்த பிறகு 85 வோல்ட்டிலோ 42 வோல்ட்டிலோ, பல்பு வகையைப் பொறுத்து, 35 வாட்டில் எரியும். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது பேலஸ்ட் என்ற பெட்டி. பல்பு கிழடானால் அதை எரிய வைக்கக் கூடுதல் வோல்ட் கேட்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் பேலஸ்ட் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும். அணைத்துப் போட்டால் திரும்ப வருவது அதனால்தான். ரோஸ் நிறமும் அதே கிழட்டுத்தனத்தின் அடையாளம்.

ஷாக் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன், லைட் சுவிட்ச் 'ஆட்டோ'வில், அதாவது தானாக எரியும் நிலையில், கிடப்பதைப் பார்க்காமல் கனெக்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேறு யாரோ சாவியைத் திருப்பிவிட்டார்கள். பையன் பின்னால் தூக்கியெறியப்பட்டு விழுந்தான், முழங்கை பிசகியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று அவன் முகம் வெளுத்துப்போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து என் கடையில் ஒரே வழக்கம்தான்: யார் பல்பைத் தொடுகிறாரோ, சாவி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

லைட் சுவிட்ச் ஆஃப், சாவி பையில், 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் அரை மணி நேரம் சும்மா இருங்கள். பல்பும் ஆறும், பேலஸ்டில் மிச்சம் இருப்பதும் இறங்கும். ஈரத் தரையில் நின்று செய்யாதீர்கள். சாரல் விழுந்தால் அன்றைக்கு வேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்டேயே போகக்கூடாது.

புது பல்பு வாங்கும் முன் ஒரு சோதனை. வலது பல்பை இடதுக்கும் இடது பல்பை வலதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோளாறு இடது பக்கம் போனால் பல்பு. வலது பக்கமே நின்றால் பேலஸ்ட், இல்லையென்றால் வயரிங்.

பின் மூடியைத் திறந்ததும் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா என்று. நம் பக்கத்துச் சாரலில் இது நிறைய வரும். மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடங்கியிருந்தாலே போதும், பேலஸ்ட் கனெக்டரில் பச்சையாகப் பூத்துவிடும்.

பல வண்டிகளில் கனெக்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் கழன்று வரும். கம்பி கிளிப்பை அழுத்தி விலக்குங்கள், வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம். பல்பை அடிப்பாகத்தில்தான் பிடிக்க வேண்டும், கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் ஒட்டிய இடம் தனியாகச் சூடேறிப் பல்பைக் கெடுக்கும். பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். கைக்குக் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குமிழுக்குள் வாயு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, விழுந்தால் தெறிக்கும்.

பல்பின் அடியில் வெட்டு இருக்கும். அது ஹோல்டரில் உள்ள வெட்டோடு சரியாக உட்காரணும். சாய்ந்து உட்கார்ந்தால் வெளிச்சமும் சாயும். மூடியைப் போடாமல் லைட்டைப் போட்டுப் பார்க்கவே கூடாது. பல்பை வெளியே கையில் வைத்துக்கொண்டு எரிய வைத்துப் பார்ப்பது அதைவிடக் கேடு.

அடியில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டி1எஸ், டி2எஸ் 85 வோல்ட் வகை, பாதரசம் உள்ளது. டி3எஸ், டி4எஸ் 42 வோல்ட், பாதரசம் இல்லாதது. ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாது.

கிணத்துக்கடவு கார்த்தி:

மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், 8000 கெல்வின் போடுங்கள் அண்ணா. நீல வெளிச்சம், நல்ல பவர். என் நண்பன் ஆலஜன் வண்டியிலேயே செனான் கிட் வாங்கிப் போட்டிருக்கிறான்.

பண்பொழி ரோடு எலக்ட்ரீசியன்:

தம்பி கார்த்தி, கெல்வின் என்பது நிறத்தின் கணக்கு, வெளிச்சத்தின் அளவு அல்ல. கம்பெனி பல்பு 4300 கெல்வினை ஒட்டித்தான் வரும். அதுதான் சாலையில் அதிகம் தெரியும். நீலத்துக்குப் போகப் போக, நனைந்த தாரில் வெளிச்சம் கரைந்துவிடும், மூடுபனியில் நம் கண்ணையே திருப்பி அடிக்கும். ஆரியங்காவு மலையில் ஜூன், ஜூலையில் ஒரு ராத்திரி ஓட்டினால் புரியும்.

உங்கள் நண்பரிடம் அந்த கிட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஆலஜனுக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டரில் செனான் பல்பு போட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். எதிரே வருபவர் கண்ணில்தான் அது போய் விழும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது.

கழுதுருட்டி எஸ்டேட் தமிழச்சி:

தம்பி, நான் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ரப்பர் பால் வெட்ட விடியுமுன் ஸ்கூட்டியில் போவேன். வளைவில் ஒரு வெள்ளை வெளிச்சம் திரும்பினால் எனக்கு ரோட்டின் ஓரம் எது, ஓடை எது என்று தெரியாது. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நிற்பேன். போன வருஷம் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் ஓடையில் இறங்கிவிட்டாள், கால் எலும்பு முறிந்தது. பல்பு மாற்றியதும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தயவுசெய்து பார்த்துவிட்டு மலை ஏறுங்கள். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

பண்பொழி ரோடு எலக்ட்ரீசியன்:

அக்கா சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். லென்ஸின் நடு உயரம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், நமக்கு அதுதான் சரி. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், அதனால் அம்மாவை உட்கார வைத்தே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புளியரை வயல்காட்டான்:

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது, செய்தேன். சாவி என் பையில்தான் இருந்தது. பல்புகளை இடம் மாற்றினதும் ரோஸ் நிறம் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. பேலஸ்ட் நன்றாக இருக்கிறது. வலது பின் மூடியில் ரப்பர் வளையம் ஒரு விரற்கடை அளவுக்கு மடங்கி, உள்ளே நீர்த்துளி நின்றது. துடைத்துக் காயவைத்து வளையம் புதிது போட்டேன்.

அடியில் டி2எஸ் என்றிருந்தது. நிறம் ஒன்றுபோல இருக்கட்டும் என்று தென்காசியில் இரண்டு பல்பும் 4300இல் வாங்கினேன். எங்கள் ஊர் நெல் குடோன் சுவரில் கோடு போட்டுப் பார்த்தோம். அம்மா பின் சீட்டில் ஏறியதும் விளிம்பு கோட்டைத் தொடப் பார்த்தது, உடனே தானாகவே கீழே இறங்கி நின்றது. இந்த வண்டியில் அந்த வசதி இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

கழுதுருட்டி அக்கா, வியாழக்கிழமை விடிகாலை உங்கள் பாலத்தைத் தாண்டுவேன். பழைய பல்பு இரண்டையும் என்ன செய்வது அண்ணாச்சி?

பண்பொழி ரோடு எலக்ட்ரீசியன்:

டி2எஸ் என்றால் பாதரசம் இருக்கிறது, குப்பையில் போடாதீர்கள். புது பல்பு வந்த டப்பாவிலேயே உடையாமல் வைத்து என் கடையில் கொடுங்கள். மின்கழிவு எடுக்க வருகிறவர்களுக்காக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், அதில் சேர்த்துவிடுகிறேன்.